மாதச் சந்தாவில் மருத்துவம்: அமெரிக்காவின் நேரடி முதல்நிலை மருத்துவமும் அதை நடத்தும் மருத்துவர்களின் அனுபவமும்

அமெரிக்கக் குடும்ப மருத்துவர்களில் ஒரு பகுதியினர் காப்பீட்டு நிறுவனங்களோடு உள்ள கணக்கை முடித்துக்கொண்டு, நோயாளியிடமே மாதச் சந்தா பெற்று மருத்துவம் பார்க்கின்றனர். இந்த முறைக்கு நேரடி முதல்நிலை மருத்துவம் என்று பெயர். பெரியவர்களுக்கான சந்தா பெரும்பாலும் மாதம் 50 முதல் 100 டாலர் வரை இருக்கும். குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. சந்தா கட்டியவர் எத்தனை முறை வந்தாலும் தனிக் கட்டணம் இல்லை. தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ மருத்துவரிடம் நேரே பேசலாம். அறுவை சிகிச்சை, மருத்துவமனைச் சேர்க்கை, புற்றுநோய் சிகிச்சை போன்ற பெருஞ்செலவுகள் இதில் அடங்கா. அவற்றுக்குத் தனியாகக் காப்பீடு வைத்துக்கொள்ளும்படி மருத்துவர்களே அறிவுறுத்துகிறார்கள். இன்று நாடெங்கும் இத்தகைய மருத்துவமனைகள் இரண்டாயிரத்துக்கு மேல் உள்ளன. பெரும்பாலானவை ஒன்றிரண்டு மருத்துவர்கள் சொந்தமாக நடத்துபவை.

இம்முறை பற்றிய விவாதம் பெரும்பாலும் பணத்தைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் அதை நடத்தும் மருத்துவர்கள் முதலில் பேசுவது நேரத்தைப் பற்றித்தான். நோயாளிக்குக் கிடைக்கும் நேரத்தை முடிவு செய்வது மருத்துவருக்குச் சம்பளம் வரும் வழி என்பதே அவர்களுடைய அனுபவத்தின் சாரம். அந்த அனுபவம் எங்கே உண்மை, அதன் எல்லை எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பழைய வேர்கள்

சந்தா மருத்துவம் அமெரிக்காவுக்குப் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாளர்களும் குடியேறிகளும் சேர்ந்து அமைத்த சகோதரச் சங்கங்கள், தங்கள் உறுப்பினர்களுக்காக மருத்துவர்களை ஒப்பந்தத்தில் அமர்த்தின. உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஓரிரு டாலர் கொடுக்கப்பட்டது. கட்டணம் தாழ்ந்துபோகும் என்று அஞ்சிய மருத்துவச் சங்கங்கள் இதைக் கடுமையாக எதிர்த்தன. அந்த முறை நலிந்து மறைந்தது.

அதன் இடத்தைக் காப்பீடு பிடித்தது. 1929-இல் டெக்சாஸின் டாலஸ் நகரில் பேலர் மருத்துவமனை ஆசிரியர்களிடம் மாதம் 50 சென்ட் வாங்கிக்கொண்டு, ஆண்டுக்கு 21 நாள் மருத்துவமனைப் பராமரிப்பு தருவதாக ஏற்றது. இதுவே பின்னாளில் புளூ கிராஸ் காப்பீட்டுத் திட்டங்களுக்கு வித்தானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கூலி உயர்வுக்கு அரசு தடை விதித்ததால், முதலாளிகள் ஊதியத்துக்குப் பதிலாகக் காப்பீடு தந்து ஆள் சேர்த்தார்கள். 1954-இன் வரிச் சட்டம் அந்தச் சலுகைக்கு வரிவிலக்கை உறுதி செய்தது. 1965-இல் முதியோருக்கான மெடிகேரும் ஏழைகளுக்கான மெடிகெய்டும் வந்தன. மருத்துவமனைச் செலவுக்காகத் தொடங்கிய காப்பீடு, காலப்போக்கில் சளிக்கும் காய்ச்சலுக்கும் மருத்துவரைப் பார்க்கும் சாதாரணச் செலவையும் தன் வழியாகவே செலுத்த வைத்தது.

1990-களில் சியாட்டில் நகரில் இதற்கு மாற்று தோன்றியது. 1996-இல் அங்கே தொடங்கிய எம்டி ஸ்கொயர்ட் என்ற நிறுவனம், ஆண்டுக்குப் பெருந்தொகை வாங்கிக்கொண்டு மிகச் சில செல்வர்களுக்கு மட்டும் மருத்துவம் பார்த்தது. அதே நகரைச் சேர்ந்த மருத்துவர் கேரிசன் பிளிஸ், இந்த வசதியை நடுத்தர வர்க்கத்துக்கும் கட்டுப்படியாகும் விலையில் தர முடியும் என்று நம்பி 2007-இல் கியூலையன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2010-இல் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் ஜாஷ் அம்பேர் தொடங்கிய அட்லஸ் எம்டி, சிறு ஊர்களிலும் தனி மருத்துவர் இதை நடத்தலாம் என்பதற்கு முன்மாதிரி ஆனது. செல்வர்களுக்கான மருத்துவத்திலிருந்து நேரடி முதல்நிலை மருத்துவம் வேறுபடுவது இரண்டு வகையில்: சந்தா குறைவு, காப்பீட்டுக்குப் பில் அனுப்புவது அறவே இல்லை. முன்னதில் பலர் சந்தாவும் வாங்கிக்கொண்டு காப்பீட்டுக்கும் பில் போடுகிறார்கள்.

மருத்துவர்கள் வெளியேறிய காரணம்

அமெரிக்காவில் வழக்கமான குடும்ப மருத்துவருக்கு வருமானம், அவர் செய்த ஒவ்வொரு செயலுக்கும் ஒரு குறியீட்டு எண் இட்டு அனுப்பும் பில்லின் வழியாக வருகிறது. செய்த சிகிச்சைக்கு ஒரு எண், நோய்க்கு ஒரு எண். 2015 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நோய்க் குறியீட்டுப் பட்டியலில் மட்டும் ஏறத்தாழ 70,000 எண்கள் உள்ளன. பில்லை நியாயப்படுத்தும் அளவுக்கு நோயாளிக் குறிப்பு நீள வேண்டும். சில மருந்துகளுக்கும் ஸ்கேன்களுக்கும் காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும். நிராகரிக்கப்பட்ட பில்லுக்கு மீண்டும் எழுத வேண்டும். இவற்றையெல்லாம் கவனிக்கத் தனி ஊழியர்கள் வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க இன்னும் அதிக நோயாளிகளைப் பார்க்க வேண்டும். இந்தச் சுழலில் ஒரு மருத்துவரின் பொறுப்பில் 2,000 பேருக்கு மேல் சேர்ந்துவிடுகிறார்கள். ஒரு சந்திப்பு பதினைந்து, இருபது நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

2016-இல் கிறிஸ்டின் சின்ஸ்கி குழுவினர் வெளியிட்ட ஆய்வு, மருத்துவர்கள் நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணினிப் பதிவிலும் மேசை வேலையிலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் செலவிடுவதைக் காட்டியது. 2022-இல் வெளியான மற்றொரு கணக்கீடு இன்னும் கசப்பானது: 2,500 நோயாளிகளைக் கொண்ட ஒரு குடும்ப மருத்துவர், வழிகாட்டு நெறிகள் சொல்லும் அனைத்தையும் தனியாகச் செய்ய முயன்றால், நாளொன்றுக்கு 26.7 மணி நேரம் தேவைப்படும். இந்நிலையில் கடமை எதுவும் முழுமையாக நிறைவேறாது என்பது மருத்துவர் வேலைக்குப் போகும்முன்பே உறுதியாகிவிடுகிறது.

சொந்தத் தொழிலைக் கைவிட்டுப் பெரிய மருத்துவமனைக் குழுமங்களில் சம்பளத்துக்குச் சேர்வது ஒரு தீர்வாகத் தோன்றியது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கணக்கெடுப்பின்படி 2012-இல் 60.1 சதவீத மருத்துவர்கள் மருத்துவர்களுக்கே சொந்தமான தனியார் மருத்துவமனைகளில் பணியாற்றினார்கள். 2024-இல் அது 42.2 சதவீதமாகச் சரிந்தது. ஆனால் குழுமங்களிலும் சந்திப்பின் நீளத்தையும் நாளொன்றுக்கு எத்தனை பேர் என்பதையும் வேறொருவர் நிர்ணயித்தார். மருத்துவர்களின் சோர்வை வேலைக் களைப்பாக மட்டும் பார்க்கக் கூடாது, நோயாளிக்கு எது வேண்டும் என்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாதபோது உண்டாகும் அறக்காயம் அது என்று மருத்துவர்களான சைமன் டால்பட்டும் வெண்டி டீனும் 2018-இல் எழுதினார்கள். காப்பீட்டை விட்டு வெளியேறிய மருத்துவர்களில் பலர் தங்கள் முடிவுக்குச் சொல்லும் காரணம் இதுவே.

நடைமுறையும் கணக்கும்

ஒரு மருத்துவர், ஒரு செவிலியர் அல்லது உதவியாளர், இரண்டு அறைகள்: தொடக்க நிலையில் பெரும்பாலான நேரடி மருத்துவமனைகள் இவ்வளவுதான். செவிலியரும் இல்லாமல் தனியாகவே தொடங்கியவர்களும் உண்டு. பில் போடும் பிரிவு தேவையில்லாததால் செலவு பெரிதும் குறைகிறது. 600 பேர் தலைக்கு மாதம் 70 டாலர் கட்டினால், மாத வருமானம் 42,000 டாலர், ஆண்டுக்கு 5,04,000 டாலர். வாடகை, ஊழியர் சம்பளம், தொழில்முறைக் காப்பீடு, மென்பொருள், மருந்துக் கொள்முதல் போக எஞ்சுவது சம்பளத்துக்கு வேலை பார்க்கும் குடும்ப மருத்துவரின் வருமானத்தோடு ஒப்பிடத்தக்கது. பிலிப் எஸ்க்யூவும் கேத்லீன் கிளிங்கும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், விலை விவரம் கிடைத்த 116 மருத்துவமனைகளின் சராசரி மாதக் கட்டணம் 93.26 டாலர், நடு மதிப்பு 75 டாலர்.

நோயாளிகளின் எண்ணிக்கை 400 முதல் 800 வரை என்று வைத்துக்கொள்வதால் ஒரு சந்திப்புக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிகிறது. அன்றே அல்லது மறுநாளே நேரம் கிடைக்கிறது. தையல் போடுதல், மூட்டு ஊசி, தோலிலிருந்து மாதிரி எடுத்தல், இதயத் துடிப்புப் பதிவு போன்றவற்றை மருத்துவரே செய்துவிடுகிறார். முன்பு நேரம் இல்லாமல் சிறப்பு மருத்துவருக்கு அனுப்பப்பட்ட பல வேலைகள் இவ்வாறு குடும்ப மருத்துவரிடமே திரும்பி வருகின்றன.

மருந்திலும் பரிசோதனையிலும் இம்முறை தரும் பலனை நோயாளிகள் உடனே உணர்கிறார்கள். சட்டம் அனுமதிக்கும் மாநிலங்களில் மருத்துவர் மொத்த விலையில் மருந்து வாங்கி, சிறிதளவே கூட்டியோ கூட்டாமலோ கொடுக்கிறார். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய பழைய, வணிகப் பெயர் இல்லாத மாத்திரைகள் அப்படி வாங்கும்போது சில சென்ட் விலைக்கு வருகின்றன. ஆய்வகங்களோடு நேரடி விலை பேசிக்கொள்வதால் சாதாரண இரத்தப் பரிசோதனைகளும் சில டாலர்களில் முடிகின்றன. காப்பீடு செலவை ஏற்கத் தொடங்கும்முன் பல ஆயிரம் டாலர்களைக் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டியிருக்கும் குடும்பங்களுக்கு இந்தச் சேமிப்பு சில நேரங்களில் சந்தாவையே ஈடுகட்டிவிடும். டெக்சாஸ், நியூயார்க் போன்ற மாநிலங்கள் மருத்துவர் மருந்து கொடுப்பதைக் கட்டுப்படுத்துவதால் அங்கே இந்தப் பலன் குறைவு.

நடத்துபவர்களின் அனுபவம்

முதல் ஆண்டு கடினமானது என்பதில் எல்லா மருத்துவர்களும் ஒரே குரலில் பேசுகிறார்கள். பழைய மருத்துவமனையில் தங்களையே நம்பியிருந்த நோயாளிகளில் சிறு பகுதியினரே சந்தா கட்டித் தொடர்கிறார்கள். விட்டு விலகும் ஊழியர் குறிப்பிட்ட தொலைவுக்குள் தொழில் நடத்தக் கூடாது என்ற ஒப்பந்த விதி பலரைப் புதிய ஊரில், தெரியாத மக்களிடையே தொடங்க வைக்கிறது. மாதத்துக்குப் பத்து, இருபது பேர் என்ற வேகத்தில்தான் பதிவு ஏறும். கல்விக் கடன் ஒருபுறம் இருக்க, சொந்தக் குடும்பத்துக்கான காப்பீட்டையும் தானே வாங்க வேண்டும். அதனால் பலர் தொடக்க காலத்தில் இரவிலும் வார இறுதியிலும் அவசர சிகிச்சை மையங்களில் கூலிக்கு வேலை பார்க்கிறார்கள். பெரிய கடனின்றிச் சிறிதாகத் தொடங்குபவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது இத்துறையில் அனுபவசாலிகள் புதியவர்களுக்குத் தவறாமல் சொல்லும் அறிவுரை.

விலை வைப்பதில் வரும் தயக்கம் இன்னொரு பொது அனுபவம். நோயாளியிடம் பணம் பேசாமல் பழகியவர்களுக்குத் தம் வேலைக்குத் தாமே விலை சொல்வது கூச்சமாக இருக்கிறது. மிகக் குறைவாக விலை வைத்துவிட்டு, வாடகை கட்ட முடியாமல் பின்னர் உயர்த்தி, சில நோயாளிகளை இழந்தவர்கள் உண்டு. சந்தா கட்ட முடியாத சிலருக்குக் கட்டணத்தைக் குறைப்பதோ விலக்குவதோ மருத்துவரின் சொந்த முடிவு. அந்தச் சுதந்திரத்தைப் பலர் பெருமையாகக் கருதுகிறார்கள்.

நேரம் கிடைத்தபின் மருத்துவமே மாறுகிறது என்று அவர்கள் சொல்வது கவனத்துக்குரியது. ஒரு மணி நேரம் கேட்கும்போது, வயிற்றுவலிக்குப் பின்னால் இருக்கும் குடும்பத் துயரமும், மாத்திரை வேலை செய்யாததற்குப் பின்னால் இருக்கும் பணமில்லாமையும் தெரியவருகின்றன. மருத்துவர் நூலைப் புரட்டவும், சிறப்பு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசவும் முடிகிறது. முதல்நிலை மருத்துவத்தின் பலத்தை ஆராய்ந்த பார்பரா ஸ்டார்ஃபீல்ட், முதல் தொடர்பு, தொடர்ச்சி, முழுமை, ஒருங்கிணைப்பு என்ற நான்கையும் அதன் அடிப்படைகளாகக் காட்டினார். நான்குமே நேரத்தைக் கேட்பவை. பயிற்சிக் காலத்தில் இவற்றைப் படித்தவர்கள் பல ஆண்டுகள் கழித்து முதன்முறையாகச் செய்து பார்க்கிறார்கள். தொழிலில் நிறைவு பெற்றதாக அவர்கள் கூறுவதற்கு வருமானத்தைவிட இதுவே காரணம்.

சுமைகளும் உண்டு. நோயாளியின் கைப்பேசியில் மருத்துவரின் எண் இருப்பது இம்முறையின் வலிமை. எல்லை வகுக்காவிட்டால் அதுவே பாரமாகும். பெரும்பாலான நோயாளிகள் அந்த வசதியை அளவாகவே பயன்படுத்துகிறார்கள் என்றாலும், எது அவசரம், எது காலை வரை காத்திருக்கலாம் என்பதைச் சேரும்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. தனி மருத்துவர் விடுமுறை எடுக்க வேண்டுமானால் அருகிலுள்ள மற்றொரு நேரடி மருத்துவரோடு முறை வைத்துக்கொள்ள வேண்டும். தடுப்பூசிக் குளிர்பெட்டி பழுதானாலும் இணையம் நின்றாலும் உரிமையாளரே கவனிக்க வேண்டும். சக மருத்துவர்களோடு பேசும் வாய்ப்பு குறைவதால் தனிமையும் வருகிறது. இதைப் போக்க இம்முறை மருத்துவர்கள் தமக்கெனச் சங்கமும் ஆண்டு மாநாடுகளும் அமைத்து, ஒப்பந்தப் படிவம் முதல் மருந்துக் கொள்முதல் வரை ஒருவருக்கொருவர் இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட மனத்தை உறுத்துவதாகப் பலர் சொல்வது, விட்டுவந்த நோயாளிகளின் நினைவு. 2,000 பேரைப் பார்த்தவர் 600 பேரோடு நின்றுகொண்டால் மற்றவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு, முழுக்கத் தொழிலை விட்டுப் போவதைவிட 600 பேரை நன்றாகப் பார்ப்பது மேல் என்று பதில் சொல்கிறார்கள். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது, கேள்வி தீர்ந்துவிடவில்லை.

சட்டம்

மாதச் சந்தாவுக்கு வரம்பற்ற சேவை என்பது காப்பீடு ஆகுமா என்பதே முதல் சட்டச் சிக்கல். நியூயார்க்கில் மாதம் 79 டாலருக்கு மருத்துவம் பார்த்த மருத்துவர் ஒருவரை 2009-இல் மாநிலக் காப்பீட்டுத் துறை, அது உரிமம் இல்லாத காப்பீடு என்று கூறித் தடுத்தது. இத்தகைய தடை வராமல் இருக்க, வாஷிங்டன் மாநிலம் 2007-இலேயே தனிச் சட்டம் இயற்றியது. இப்போது முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நேரடி முதல்நிலை மருத்துவம் காப்பீடு அல்ல என்று சட்டம் இருக்கிறது. 2010-இன் கூட்டாட்சி மருத்துவச் சீர்திருத்தச் சட்டமும், தகுதியான காப்பீட்டோடு இணைந்து இம்முறை செயல்பட வழி விட்டது.

மெடிகேர் நோயாளிகள் விஷயத்தில் விதி கடுமையானது. அவர்களிடம் சந்தா வாங்க விரும்பும் மருத்துவர் மெடிகேரிலிருந்து முறைப்படி விலக வேண்டும். ஒருமுறை விலகினால் இரண்டு ஆண்டுகளுக்கு எந்த மெடிகேர் நோயாளிக்காகவும் அதனிடம் பணம் கோர முடியாது. ஆனால் விலகிய மருத்துவர் எழுதும் பரிசோதனைகளுக்கும் மருத்துவமனைச் சிகிச்சைக்கும் மெடிகேர் தொடர்ந்து பணம் தருகிறது. இந்த விலகல், இடையே வேறு மருத்துவமனையில் பகுதி நேர வேலை பார்க்கும் வாய்ப்பையும் குறைக்கிறது என்பதால், புதிதாகத் தொடங்குபவர்கள் இதைத் தள்ளிப்போடுவது வழக்கம்.

நீண்ட நாள் நீடித்த வரிச் சிக்கல் ஒன்று அண்மையில் தீர்ந்தது. வரிவிலக்குள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர் நேரடி மருத்துவரிடம் சந்தா கட்டினால், அது இரண்டாவது காப்பீடாகக் கருதப்பட்டு அவருடைய தகுதி பறிபோகும் நிலை இருந்தது. 2025 ஜூலையில் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டம், 2026 ஜனவரி 1 முதல் தனிநபருக்கு மாதம் 150 டாலர், குடும்பத்துக்கு 300 டாலர் வரையிலான சந்தாவை அனுமதித்து, அதைச் சேமிப்புக் கணக்கிலிருந்தே கட்டவும் வழி செய்தது.

சான்றுகளும் தோல்விகளும்

நோயாளியும் மருத்துவரும் நிறைவாக இருப்பதால் நாட்டின் மருத்துவச் செலவு குறைகிறதா? இக்கேள்விக்குக் கிடைத்துள்ள கவனமான விடை, காப்பீட்டுக் கணக்காளர் சங்கத்துக்காக மில்லிமன் நிறுவனம் 2020-இல் செய்த ஆய்வு. ஒரு முதலாளியின் ஊழியர்களில் நேரடி மருத்துவத்தைத் தேர்ந்தவர்களையும் மற்றவர்களையும் அது ஒப்பிட்டது. வயது, உடல்நிலை வேறுபாடுகளைச் சரிசெய்த பின், தேர்ந்தவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றது சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. மொத்த மருத்துவச் சேவைத் தேவை சுமார் 12.6 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் சந்தாத் தொகையையும் சேர்த்துப் பார்த்தபோது முதலாளியின் செலவு குறைந்ததாக நிறுவ முடியவில்லை. இம்முறையைத் தேர்ந்தவர்கள் ஏற்கெனவே சற்று ஆரோக்கியமானவர்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. சரிசெய்யாத கணக்கை வைத்துப் பெருஞ்சேமிப்பு என்று விளம்பரம் செய்வதை ஏற்க முடியாது என்பதே இதன் பாடம்.

பெரிதாக்கும் முயற்சிகளும் பாடம் தருகின்றன. பெரும் முதலீட்டாளர்களின் துணையோடு வளர்ந்து, மெடிகெய்டு நோயாளிகளையும் ஏற்ற கியூலையன்ஸ் 2017-இல் மூடப்பட்டது. லாஸ் வேகஸில் ஜூபின் டமானியா நடத்திய டர்ன்டேபிள் ஹெல்த்தும் அதே ஆண்டு நின்றது. பல கிளைகளும் நிர்வாக அடுக்குகளும் கொண்ட நிறுவனம் சில பெரிய ஒப்பந்தங்களை நம்பி நிற்கிறது. அவை கைநழுவினால் தாங்காது. ஒரே மருத்துவரின் சிறு மருத்துவமனைக்கோ நூற்றுக்கணக்கான தனித்தனிச் சந்தாக்கள் அடித்தளம். ஒரு குடும்பம் விலகினால் அது சாய்ந்துவிடாது. சிறியதாக இருப்பது இம்முறையின் குறையாகத் தோன்றினாலும், இதுவரை அதைக் காத்தது அந்தச் சிறுமைதான்.

எதிர்வாதங்கள்

மூன்று எதிர்வாதங்கள் வலுவானவை. முதலாவது, மருத்துவர் பற்றாக்குறை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2036-க்குள் முதல்நிலை மருத்துவர்கள் 20,200 முதல் 40,400 வரை குறைவாக இருப்பார்கள் என்று கணித்திருக்கிறது. ஒவ்வொருவரும் நோயாளிகளின் எண்ணிக்கையை மூன்றில் ஒன்றாக்கினால் இந்த இடைவெளி விரியும். இரண்டாவது, சமநீதி. மாதம் 70 டாலர் நடுத்தரக் குடும்பத்துக்குச் சிறு தொகை. மெடிகெய்டை நம்பி வாழ்பவருக்கு அது எட்டாதது. அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரி 2015-இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை, ஏழை நோயாளிகள் கைவிடப்படும் அபாயத்தைச் சுட்டி, இம்முறைக்கு மாறும் மருத்துவர்கள் அதைக் குறைக்கும் வழி தேட வேண்டும் என்றது. மூன்றாவது, கண்காணிப்பு. காப்பீடு கேட்கும் தர அறிக்கைகள் எரிச்சலூட்டுபவையாக இருக்கலாம். அவை இல்லாத இடத்தில் சிகிச்சையின் தரத்தை வெளியிலிருந்து யாரும் அளப்பதில்லை.

மருத்துவர்களின் மறுமொழியிலும் வலு இருக்கிறது. சோர்ந்து ஓய்வுபெறவிருந்தவர் இன்னும் பத்து ஆண்டு பணியாற்றுவது பற்றாக்குறையைக் குறைக்கும். குடும்ப மருத்துவம் மீண்டும் மதிப்புள்ள வாழ்க்கையாகத் தெரிந்தால் மாணவர்கள் அதைத் தேர்வார்கள். காப்பீடே இல்லாத கூலித் தொழிலாளிகளும் சிறு கடைக்காரர்களும் இவர்களுடைய நோயாளிகளில் கணிசமாக இருக்கிறார்கள். இந்த வாதங்கள் நம்பத்தக்கவை என்றாலும் நாடு தழுவிய தரவுகளால் இன்னும் நிறுவப்படவில்லை. மிகவும் ஏழையான நோயாளிக்கு அவை விடை சொல்வதும் இல்லை.

முடிவு

நேரடி முதல்நிலை மருத்துவத்தை நடத்துபவர்களின் அனுபவம் ஒன்றை ஐயமின்றிக் காட்டுகிறது: அதே மருத்துவர், அதே படிப்பு, அதே ஊர். பணம் வரும் வழி மாறியதும் சந்திப்பு நீள்கிறது, மருந்து விலை இறங்குகிறது, தொழிலில் மன நிறைவு திரும்புகிறது. அந்த வழி இப்போது சந்தா கட்ட முடிந்தவர்களுக்கு மட்டுமே திறந்திருக்கிறது. ஒவ்வொரு மருத்துவரும் தனித்தனியாக வெளியேறுவதால் இது மாறாது. அமெரிக்கா தன் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கையே முதல்நிலை மருத்துவத்துக்குத் தருகிறது. அந்தப் பங்கை உயர்த்தி, மெடிகேரும் மெடிகெய்டும் செயலுக்கு ஒரு பில் என்ற முறையை விட்டு, நோயாளி ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று குடும்ப மருத்துவருக்கு நேரே செலுத்தினால், இச்சிறு மருத்துவமனைகள் கண்ட பலன் எல்லோருக்கும் கிடைக்க வாய்ப்புண்டு. தனி மருத்துவர்கள் தங்கள் சேமிப்பைப் பணயம் வைத்துச் செய்து பார்த்த சோதனையைப் பொதுக் கொள்கையாக்குவது அரசும் காப்பீட்டுத் திட்டங்களும் ஏற்க வேண்டிய வேலை.